வளரும் பருவமும் உடல் எடையும்

இலண்டன் மாநகரின் தெருக்களில் இரண்டடுக்குப் பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அக்காலத்தில் ஒவ்வொரு பேருந்திலும் இருவர் பணி செய்தனர். ஒருவர் ஓட்டுநர், மற்றவர் நடத்துநர். இருவரும் ஒரே நிறுவனத்தில் ஊதியம் பெற்றவர்கள். ஏறத்தாழ ஒரே வகையான குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஒரே தெருவின் புகையையும் பனியையும் தாங்கியவர்கள். ஆயினும் அவர்கள் செய்த பணியில் பெரியதொரு வேற்றுமை இருந்தது. ஓட்டுநர் நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காகக் கீழடுக்கிற்கும் மேலடுக்கிற்குமாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். ஒரு நாளில் அவர் ஏறிய படிகள் 500 முதல் 750 வரை இருக்கும்.

இந்த வேற்றுமை ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞரின் கருத்தைக் கவர்ந்தது. அவரும் அவர்தம் துணைவரும் இலண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரின் உடல்நலக் குறிப்புகளை ஆராய்ந்தனர். ஆராய்ச்சியின் முடிவை 1953ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நடத்துநர்களுக்கு நெஞ்சடைப்பு நோய் ஓட்டுநர்களைவிடக் குறைவாகவே வந்தது. வந்தவர்களுக்கும் அது பிந்திய வயதிலேயே வந்தது. நடந்தும் மிதிவண்டி ஏறியும் கடிதம் வழங்கும் அஞ்சற்காரரையும், அலுவலகத்தில் அமர்ந்து எழுதும் எழுத்தரையும் ஒப்பிட்டபோதும் இத்தகைய வேற்றுமையே காணப்பட்டது.

மாரிஸ் இத்துடன் நிற்கவில்லை. ‘ஓட்டுநரின் நோய்க்கு அமர்ந்திருத்தல்தான் காரணமா? அன்றி, பருத்த உடலினர்தாம் ஓட்டுநர் வேலைக்கு விரும்பி வருகின்றனரா?’ என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. இதனை அறிவது எப்படி? பல்லாயிரம் பேரை வரிசையில் நிறுத்தி அளத்தல் எளிதன்று. ஆனால் போக்குவரத்து நிறுவனம் தன் தொழிலாளர்க்குச் சீருடை தைத்து வழங்கி வந்தது. தையற்காரரின் குறிப்பேட்டில் ஒவ்வொருவரின் இடுப்பளவும் எழுதப்பட்டிருந்தது! அறிஞர் அந்தக் கணக்கேடுகளைப் புரட்டினார். எந்த வயதிலும் ஓட்டுநரின் காற்சட்டை இடுப்பளவு நடத்துநரின் அளவைவிடப் பெரிதாகவே இருந்தது. 1956ஆம் ஆண்டில் இதுவும் வெளியாயிற்று. இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஒல்லியான நடத்துநராயினும், நடுத்தர உடலினராயினும், பருமனானவராயினும், அதே அளவுடைய ஓட்டுநரைவிட அவருக்கு நோய் குறைவாகவே வந்தது. எடை குறைந்தாலும் குறையாவிட்டாலும் உடலுழைப்பு தன் நன்மையைச் செய்தே தீரும் என்பது இதனால் புலனாகிறது. 1910இல் பிறந்த மாரிஸ் தாமும் நடத்தலையும் நீந்தலையும் விரும்பியவர். 2009ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

மாணவர்களே! உங்களுள் பலர் இன்று ஓட்டுநரின் வாழ்க்கையையே வாழ்கின்றீர்கள். வகுப்பில் அமர்கின்றீர்கள், தனிப்பயிற்சியில் அமர்கின்றீர்கள், பள்ளிப் பேருந்தில் அமர்கின்றீர்கள், வீட்டிற்கு வந்ததும் கைப்பேசியுடன் அமர்கின்றீர்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களுள் நூற்றுக்கு 37 பேரும் தக்க அளவினும் மிகுந்த எடை உடையவர்களாக இருந்தனர். ஒரு காலத்தில் பஞ்சமும் பசியும் பேசப்பட்ட நாட்டில் இன்று பருமனும் பேசப்படுகின்றது. பசி முற்றும் நீங்கிவிட்டது என்று எண்ணிவிடவும் கூடாது. அதனைப் பின்னர்க் காண்போம்.

உடலில் எடை எவ்வாறு ஏறுகின்றது? உண்ணும் உணவு உடலுக்கு எரிபொருளாகின்றது. 1780களில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் இலவாசியே, இலப்பிலாசு என்னும் மற்றோர் அறிஞருடன் சேர்ந்து, கினிப்பன்றி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துள் வைத்தார். அதன் உடல் வெப்பத்தால் உருகிய பனிக்கட்டியின் நீரை அளந்தார். மூச்சு விடுதலும் ஒரு வகை மெல்லிய எரிதலே என்று அவர் தெளிந்தார். எரிதலுக்குத் தேவையான அளவினும் மிகுதியாக உணவு வந்தால், உடல் அந்த மிகுதியை வீணாக்குவதில்லை. கொழுப்பாக மாற்றிச் சேமிக்கின்றது. ஒரு கிராம் மாவுப்பொருளும் ஒரு கிராம் புரதமும் தனித்தனியே ஏறத்தாழ 4 கிலோ கலோரி ஆற்றல் தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கிலோ கலோரி தரும். கஞ்சன் பொன்னைச் சேர்ப்பது போல, சிறிய இடத்தில் பெரிய செல்வத்தை அடக்குகின்றது உடல்.

இது பெரியோர்க்கும் சிறியோர்க்கும் பொதுவான விதி. ஆனால் வளரும் பருவத்தினர்க்கு வேறொரு செய்தியும் உண்டு. பெரியவர் ஒருவரின் உயரம் மாறுவதில்லை. ஆகவே அவர் எடையைக் குறைத்தால்தான் உடல் அளவுக்கு வரும். உங்கள் உயரமோ ஆண்டுதோறும் ஏறுகின்றது. பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் கெட்லே 19ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்கு ஒன்று உண்டு. எடையைக் கிலோகிராமில் கொண்டு, உயரத்தை மீட்டரில் கொண்டு, அவ்வுயரத்தின் இருபடியால் எடையை வகுத்தல் வேண்டும். கிடைக்கும் எண்ணை உடல் நிறை எண் என்பர். 150 சென்டிமீட்டர் உயரமும் 56 கிலோகிராம் எடையும் உடைய மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவனுடைய எண் ஏறத்தாழ 24.9. சில ஆண்டுகளில் அவன் 160 சென்டிமீட்டர் உயரம் வளர்கின்றான். எடை மட்டும் அதே 56 கிலோகிராமாக நிற்கின்றது. இப்போது அவனுடைய எண் ஏறத்தாழ 21.9. அவன் ஒரு கிலோகிராமும் இழக்கவில்லை. ஆயினும் உடல் அளவுக்கு வந்துவிட்டது! வளரும் பிள்ளைகளுட் பலர்க்கு ‘எடையைக் குறை’ என்னும் அறிவுரையைவிட, ‘எடை ஏறாமல் காத்து உயரத்தை வளரவிடு’ என்னும் அறிவுரையே பொருந்தும்.

இவ்வெண்ணைக் கண்டு தாமே தீர்ப்புக் கூறிக்கொள்ளுதலும் தவறு. பெரியோர்க்குரிய எல்லைகள் சிறுவர்க்குப் பொருந்தா. வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணைகள் உள்ளன. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015ஆம் ஆண்டில் 5 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு அத்தகைய அட்டவணைகளை வெளியிட்டுள்ளது. மருத்துவர் அவற்றை நோக்கியே முடிவு கூறுவார். பெண்கள் பூப்பெய்தும் காலத்தில் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புச் சேர்தல் இயற்கையின் ஏற்பாடு. அது நோயன்று, பிழையுமன்று. சிறுவர்கள் சிலர் திடீரென உயர்வதற்கு முன்பு சற்றுப் பருத்துத் தோன்றுவதும் உண்டு. கண்ணாடியின் முன் நின்று இவற்றையெல்லாம் குறையெனக் கொள்ளுதல் வேண்டா.

அவ்வாறு கொள்வோர் செய்யும் முதற்காரியம் யாது? உணவைத் துறத்தல். காலை உணவை விடுகின்றனர். பிறகு இரவு உணவையும் விடுகின்றனர். தோழியர் கேட்டால், ‘பசியில்லை’ என்கின்றனர். இதன் விளைவை அறிய மற்றோர் ஆராய்ச்சியைக் காண்போம்.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலம். ஐரோப்பாவில் மக்கள் பட்டினியால் வாடினர். பட்டினியால் நலிந்தோரை மீண்டும் தேற்றுவது எவ்வாறு என்பதை அறிய, அமெரிக்காவிலுள்ள மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீசு என்னும் அறிஞர் 1944ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். படைக்கலம் ஏந்துவதில்லை என்னும் கொள்கை உடைய இளைஞர் 36 பேர் தாமே முன்வந்து அதற்கு உடன்பட்டனர். 24 வாரங்கள் அவர்களுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 1,570 கிலோ கலோரி தரும் உணவே வழங்கப்பட்டது. உருளைக்கிழங்கு, ரொட்டி, கோசுக்கிழங்கு போன்றவை இரு வேளை உணவாயின. வாரந்தோறும் 22 மைல் நடக்கவும் வேண்டும்.

அவர்கள் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் குறைந்தது எடை மட்டுமோ? நாடித்துடிப்புத் தளர்ந்தது. வேனிற் காலத்திலும் குளிர் நடுக்கியது. தலைமயிர் உதிர்ந்தது. படிப்பில் மனம் செல்லவில்லை. சிறு சொல்லுக்கும் சினம் எழுந்தது. உணவைத் தவிர வேறொன்றையும் அவர்களால் எண்ண இயலவில்லை. சமையல் நூல்களை வாங்கிப் படித்தனர். தட்டை நாவால் வழித்தனர். உடல் தன் எரிபொருட் செலவை 40 விழுக்காடு அளவிற்குச் சுருக்கிக்கொண்டது. ஆராய்ச்சி முடிந்து வயிறார உண்ணத் தொடங்கியபோது, எவ்வளவு உண்டாலும் பலர்க்கு நிறைவு உண்டாகவில்லை. இழந்த கொழுப்பு திரும்பி வந்தது. சிலர்க்கு முன்னிருந்ததைவிட மிகுதியாகவே வந்தது. பட்டினியால் எடை குறைத்தவர் மீண்டும் பருப்பதற்குக் காரணம் மனவுறுதி இன்மை அன்று. பட்டினியைக் கண்டு அஞ்சிய உடல் செய்யும் தற்காப்பே அது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட குறிப்பின்படி, 13 முதல் 15 வயது வரையுள்ள சிறுமிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,400 கிலோ கலோரியும், அவ்வயதுச் சிறுவனுக்கு 2,860 கிலோ கலோரியும் வேண்டும். மின்னசோட்டாவில் பட்டினி கிடந்த இளைஞர் பெற்றதை இந்த அளவுடன் ஒப்பிட்டால், காலை உணவையும் இரவு உணவையும் விட்டுவிடும் மாணவி எத்தகைய ஆராய்ச்சியைத் தன் உடல்மேல் நடத்துகின்றாள் என்பது விளங்கும். அவளை மேற்பார்க்க அங்கே மருத்துவரும் இல்லை.

மேலே நிறுத்திய செய்திக்கு இப்போது வருவோம். முன் கூறிய அதே கணக்கெடுப்பு, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர் என்றும் கூறுகின்றது. பருத்த உடலிலும் இரத்தசோகை இருத்தல் கூடும். வயிறு நிறைந்தும் சத்து நிறையாத உணவின் பயன் இது. இந்நிலையில் உணவையே குறைத்தால், கொழுப்புடன் குருதியின் வலிவும் போகும். எலும்பும் உறுதி பெறாது. ஆகவே ‘எவ்வளவு உண்பது?’ என்று கேட்பதற்கு முன், ‘எதனை உண்பது?’ என்று கேட்டல் வேண்டும்.

நம் வீட்டுத் தட்டை நோக்குங்கள். நடுவில் சோறு மலைபோல் குவிந்திருக்கின்றது. அதன் மேல் குழம்பு. ஓர் ஓரத்தில், ஊறுகாய்க்கு அண்டை வீட்டுக்காரனாக, ஒரு கரண்டிப் பொரியல்! காயும் கீரையும் சோற்றை இறக்குவதற்கு உதவும் துணையாகவே கருதப்படுகின்றன. இந்த உறவை மாற்றினால் போதும். சோற்றைப் பகையாகக் கொள்ள வேண்டுவதில்லை. உண்பவற்றுள் பாதி காயும் கனியும் கீரையுமாக இருத்தல் நன்று என்று ஊட்டச்சத்து அறிஞர் கூறுகின்றனர். எஞ்சிய பாதியில் சோறோ, இட்டிலியோ, சப்பாத்தியோ ஒரு பங்கு. பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றுள் இயன்றது ஒரு பங்கு. அவித்த சுண்டலைவிட மலிவான புரத உணவு கிடைப்பது அரிது. நம் முன்னோர் அதனைக் கொலுவிற்கு மட்டும் உரியதாக்கவில்லை, நாம்தான் ஆக்கிவிட்டோம். முருங்கைக்கீரை உண்ணும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால், அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்றாக ஏற்கும். உணவோடு தேநீர் பருகினால் அச்சத்து குறைவாகவே சேரும்.

சிறுதானியங்களைப் பற்றி இக்காலத்தில் பெரும் புகழ் பேசப்படுகின்றது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. கம்பில் இரும்புச்சத்து உண்டு. இவற்றில் நார்ப்பொருளும் உண்டு. புகழ் தகுதியானதே. ஆயினும் ஒரே எடையுள்ள அரிசியும் கேழ்வரகும் தரும் ஆற்றலில் பெரிய வேற்றுமை இல்லை. நெய் ஊற்றி வெல்லம் சேர்த்த கேழ்வரகு உருண்டைகளை அளவின்றி உண்டு இளைத்துவிடலாம் என்று கருதுவோர் ஏமாறுவர்.

சோற்றைப் பழிப்போர் கவனியாமல் விடும் ஒன்று, குடிக்கும் சர்க்கரை. 300 மில்லிலிட்டர் அளவுள்ள இனிப்புக் குளிர்பானப் புட்டி ஒன்றில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை கரைந்திருக்கும். தேக்கரண்டியால் அள்ளினால் ஆறு அல்லது ஏழு கரண்டி. வீட்டில் ஒரு குவளை பாலில் ஏழு கரண்டி சர்க்கரை இட்டால் எவரேனும் வாய் வைப்பரோ? குளிர்ச்சியும் புளிப்பும் அந்த இனிப்பை மறைத்துவிடுகின்றன. அதன் ஆற்றல் ஏறத்தாழ 120 கிலோ கலோரி. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் இதனைச் செலவிட அரைமணி நேரத்திற்கு மேல் நடத்தல் வேண்டும். பருகுவதற்கோ இரண்டு நிமிடம் போதும். பருகிய பின் வயிறு நிறைந்த உணர்வும் இல்லை. நீர்மோரும் இளநீரும் எலுமிச்சை நீரும் உள்ள நாட்டில் இந்தப் புட்டிக்குக் காசு கொடுப்பானேன்? வெறும் தண்ணீர் அதனினும் நன்று. எண்ணெயும் இவ்வாறே. இட்டிலியும் வடையும் உளுந்தின் உறவினர்தாம்; ஒன்று ஆவியில் வேகின்றது, மற்றது எண்ணெயில் மூழ்குகின்றது. வடையை அறவே விலக்குக என்று நான் கூறேன்; விழா நாளின் உணவு விழா நாளிலேயே வரட்டும்.

உண்ணும் முறையும் கருதத்தக்கது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டச் சிறிது நேரம் செல்லும். விரைந்து விழுங்குவோர் அச்செய்தி வருமுன்னரே மிகுதியாக உண்டுவிடுவர். திரையை நோக்கிக்கொண்டே உண்பவர் தட்டு எப்போது காலியாயிற்று என்பதையும் அறியார். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் எந்த மூலிகையின் பெயரையும் கூறவில்லை; பசியின் அளவையும் செரித்தலின் அளவையுமே பெரிதும் பேசுகின்றார்.

உணவைப் போன்றே உழைப்பும் வேண்டும். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் மூச்சு வாங்கும் அளவிற்கு உடலை இயக்குதல் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அறுபது நிமிடம் என்றதும் மலைக்க வேண்டா. அதனை ஒரே தவணையில் செலுத்த வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பள்ளிக்கு மிதிவண்டியில் சென்று வருதல், இடைவேளையில் ஓடிப்பிடித்தல், மாலையில் சடுகுடு, கயிறு தாண்டுதல், நீர் சுமந்து செடிக்கு ஊற்றுதல் ஆகிய எல்லாம் கணக்கில் சேரும். பெண்களுக்கு ஆடுகளம் உரியதன்று என்று கருதும் வீடுகள் இன்னும் உள்ளன. அவ்வீடுகளில் பாண்டி விளையாட்டிற்கேனும் முற்றம் திறந்திருத்தல் வேண்டும். தேர்வு நெருங்கியதும் உடற்பயிற்சிப் பாடவேளையைக் கணக்கிற்குக் கடனாகப் பெறும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அந்தக் கடன் திரும்பி வந்ததாக நான் கேள்வியுற்றதில்லை.

முதல் நாளிலேயே நெடுந்தொலைவு ஓடிக் கால் வலியால் மறுநாள் படுத்துவிடுவோர் பலர். பத்து நிமிடத்தில் தொடங்கி வாரந்தோறும் சிறிது ஏற்றுவதே முறை. வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது உண்மையன்று. கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்பதை உடலே முடிவு செய்கின்றது. இரவு உறக்கத்தையும் மறத்தல் ஆகாது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. உறக்கம் குறைந்த மறுநாள் பசி மிகும். இனிப்பின்மேல் நாட்டம் எழும்.

‘பத்தே நாளில் பத்துக் கிலோ’ என்று கூவும் மாவுகளையும் மாத்திரைகளையும் இடுப்புப் பட்டைகளையும் வாங்காதீர்கள். மெலிவது பெரும்பாலும் பணப்பையே. எடை காரணமின்றி விரைந்து ஏறினாலும், விரைந்து குறைந்தாலும், மாதவிலக்கு நின்றாலும், கழுத்தின் பின்புறம் தடித்துக் கறுத்தாலும் பெற்றோரிடம் கூறி அரசு மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். உண்டபின் வாந்தி எடுக்கும் பழக்கமும், உணவைக் கண்டாலே அச்சம் கொள்ளும் நிலையும் நோய்களே. அவற்றிற்கு மருத்துவம் உண்டு, நாணம் வேண்டா.

இறுதியாக, வகுப்பறையில் நாள்தோறும் நிகழும் ஒன்றைக் கூறுதல் வேண்டும். பருத்த மாணவன் ஒருவனுக்கு அவன் பெற்றோர் இட்ட பெயர் மறந்துபோகின்றது. பூசணி, பீப்பாய், யானைக்குட்டி என்னும் பெயர்கள் வந்து சேர்கின்றன. கேலி செய்தால் அவன் நாணி மெலிவான் என்று சிலர் நியாயம் கூறுவர். நடப்பது வேறு. கேலிக்கு அஞ்சியவன் ஆடுகளத்திற்கு வருவதை நிறுத்துகின்றான். தனியே அமர்கின்றான். தனிமையின் துயரைத் தின்பண்டத்தால் ஆற்றிக்கொள்கின்றான். அவன் எடை மேலும் ஏறுகின்றது. மெலிந்தவனை ‘ஒட்டடைக் குச்சி’ என்று அழைத்தலும் இதனினும் குறைந்த கொடுமையன்று. அடுத்த முறை சடுகுடுவிற்கு அணி பிரிக்கும்போது, எப்போதும் கடைசியாக அழைக்கப்படும் அந்த மாணவனின் உண்மைப் பெயரைச் சொல்லி முதலில் அழையுங்கள்.